ஒன்றை விட்டுச் சொல்பவர்

அல்சூர் ஏரிக்கரையைத் தாண்டி, ஜோகுபாளையத்து வீடுகளை வலது பக்கம் விட்டு, பழைய மெட்ராஸ் ரோட்டில் கிழக்கே நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு ஜமுக்காளச் சுருட்டு. அதற்குள் இரண்டு சட்டை, ஒரு வேட்டி, ஒரு அலுமினிய டம்ளர். விரல்கள் பத்தும் நகக்கண் வரை நீலமாக இருந்தன. எதிரே சைக்கிளில் வந்த பால்காரன் என் கையைப் பார்த்து, "இன்னாண்ணே, சாயப்பட்டறையா?" என்று கேட்டான்.

"இல்லப்பா, பள்ளிக்கூடம்" என்றேன்.

அவன் சிரித்துக்கொண்டே போய்விட்டான். நான் பொய் சொல்லவில்லை.

ஊரை விட்டு நடப்பது எனக்குப் புதிதல்ல. ஆறாம் வகுப்பின் நடுவில் பள்ளியை விட்டு நடந்தது முதல் நடை. பிறகு அரக்கோணத்தில் ரயிலுக்குக் கரி அள்ளினேன். கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்கு முட்டுக் கொடுக்கும் மரங்களைச் சுமந்தேன். ஒரு நாடகக் கம்பெனியின் திரைச்சீலைகளை ஒன்றரை வருஷம் வண்டியில் ஏற்றி இறக்கினேன். சோறும் வசவும் எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒரே அளவுதான். பத்து மைல் நடப்பதற்குள் விட்டுவந்த இடத்தின் மனிதர்கள் மறந்துபோவார்கள். ஒருவரைத் தவிர. அவர் என் நினைவில் இருப்பதற்குக் காரணம் அன்பு அல்ல.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. எங்களுக்கு அவர் மாஸ்டர். அவருக்கு நாங்கள் எல்லோரும் முதலாளி.

சிவாஜிநகரில், துணிக்கடை ஒன்றின் மாடியில் அவருடைய சுயதொழில் வகுப்பு நடந்தது. எதிரே கறிக்கடை வரிசை. ஜன்னலைத் திறந்தால் தோல் வாசனை, மூடினால் மெழுகு வாசனை. சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. வெள்ளைக்காரர்கள் கப்பலேறிவிட்டார்கள். தண்டு என்கிற கன்டோன்மென்ட் பகுதியில் அவர்கள் பங்களாக்களை நம்பியிருந்த சமையல்காரர்கள், தோட்டக்காரர்கள், குதிரை லாயத்து ஆட்கள் எல்லோரும் காலையில் எழுந்து போக இடமில்லாமல் இருந்தார்கள். பட்டாளத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவர்களும் இருந்தார்கள். நான் பஸ் ஸ்டாண்டில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் அவர் என்னிடம் ஒரு பெட்டியைக் கொடுத்து மாடிக்குக் கொண்டுவரச் சொன்னார். படியில் பாதி ஏறியதும் நிறுத்தினார்.

"இது யாரோட பெட்டி?"

"உங்களுதுதான் சார்."

"காலைல தூக்கினது?"

"யாரோடதோ."

"நாளைக்குத் தூக்கப்போறது?"

தோள் மாற்றிக்கொண்டேன். பெட்டி கனமாக இருந்தது.

"யாரோடதோ, யாரோடதோ. இதான் உங்க ஆயுசு, கொத்தாயித்தா, தெரிஞ்சுதா? மேல வாங்க, முதலாளி."

அதற்குமுன் என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. வகுப்பில் சேர்ந்ததற்கு வேறு காரணம் எதுவும் இல்லை.

அவருக்கு அப்போது முப்பத்தைந்து வயதிருக்கும். என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். மைசூர் அரண்மனை உத்தியோகத்தில் மூன்று தலைமுறை இருந்த தமிழ்க் குடும்பம். தமிழில் தொடங்கிய வாக்கியத்தைக் கன்னடத்தில் முடிப்பார். கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டு, துவைத்துத் துவைத்து மெலிந்தது. குடும்பத்தோடு மனக்கசந்து வெளியே வந்து, ஒரு கல்லூரியின் ரசாயனக் கூடத்தில் கண்ணாடிக் குடுவை கழுவும் வேலையில் இருந்தாராம். கழுவிக்கொண்டே கற்றுக்கொண்டதுதான் எல்லாம். மை, சாக்பீஸ், மெழுகுவத்தி, பல்பொடி, பூட்ஸ் பாலிஷ். யாரும் அவருக்கு ஒரு வார்த்தை சொல்லித்தரவில்லை. கேட்டால் விரட்டினார்கள். இதை அவர் புகாராகச் சொல்லமாட்டார். கோயில் பிரசாதத்தைப் பற்றிச் சொல்வதுபோல் சொல்வார்.

அவருடைய வலது மணிக்கட்டு கோணலாக இருக்கும். ஒருமுறை மாடிப்படியில் விழுந்து முறிந்ததாம். வைத்தியரிடம் போகாமல் இரண்டு மூங்கில் பட்டையும் துணிக்கிழிசலும் வைத்துத் தானே கட்டிக்கொண்டார். கூடியது, ஆனால் கோணலாகக் கூடியது. புதிதாகச் சேரும் எல்லோருக்கும் அதைத் தூக்கிக் காட்டுவார். "நானே போட்ட கட்டு, பாருங்க." சிவாஜிநகரில் அந்தத் தெருவிலேயே ஒரு புத்தூர்க் கட்டுக்காரர் இருந்தார். அரைமணி நேரத்தில் நேராக வைத்திருப்பார். அந்தக் கையால் மாஸ்டருக்குக் கரும்பலகையில் ஒரு நேர்கோடு போட வராது. எங்களில் ஒருவர்கூட அதைச் சொல்லவில்லை. எல்லோரும் வியந்து பார்த்தோம்.

வகுப்புக்குக் கட்டணம் கிடையாது. இதை முதலிலேயே எழுதிவிட வேண்டும். அவர் யாரிடமும் எதுவும் வாங்கியதில்லை. வாங்கியிருந்தால் திருப்பிக் கேட்டுச் சண்டை போட்டிருக்கலாம், நாலு பேர் சேர்ந்து அவரைத் திருடன் என்று சொல்லியிருக்கலாம். அவர் அந்த வழியையும் அடைத்திருந்தார்.

ஒரே ஒரு நிபந்தனை. சேருபவர் மூன்று மாதத்துக்குள் பார்க்கிற வேலையை விட்டுவிட வேண்டும். "கயித்தைப் புடிச்சுக்கிட்டு நீச்சல் கத்துக்க முடியாது, முதலாளி. கயித்தை விடுங்க. அப்புறம் தண்ணி சொல்லித்தரும்."

சனிக்கிழமை சாயங்காலம் கரும்பலகையில் கோணல் எழுத்தில் 'இந்த வாரம் என்ன கெட்டது?' என்று எழுதுவார். ஒவ்வொருவரும் எழுந்து நின்று அந்த வாரம் தனக்குக் கெட்டுப்போனதைச் சொல்ல வேண்டும். சொல்லி முடித்ததும் எல்லோரும் கை தட்ட வேண்டும். அது அங்கே விதி. பட்டாளத்திலிருந்து வந்த ஒருவர், சுபேதார் என்று கூப்பிடுவோம், சாக்பீஸ் செய்தார். அச்சிலிருந்து எடுக்கும்போது எல்லாம் துண்டு துண்டாக உடைந்தது.

"எத்தனை?" என்றார் மாஸ்டர்.

"நூத்தி நாப்பதும், சார். ஒண்ணுகூட முழுசா வர்ல."

"பலே! தட்டுங்க!"

தட்டினோம். சுபேதார் வெட்கத்தோடு சல்யூட் அடித்தார். எல்லோரும் சிரித்தோம். உண்மையைச் சொன்னால், அந்தச் சனிக்கிழமைகள் எனக்குப் பிடித்திருந்தன. தோற்றவனுக்குக் கை தட்டுகிற அறை வேறெங்கும் இல்லை.

எனக்கு மை கொடுத்திருந்தார். சாயப்பொடி, பிசின், வடிகட்டிய தண்ணீர், அளவு எல்லாம் ஒரு தாளில் எழுதித் தந்தார். நான் படித்தவன் என்பதால் மையாம். செய்தேன். நன்றாகவே ஓடியது. பக்கத்து மிஷன் பள்ளிக்கூடத்தில் இரண்டு டஜன் சீசா வாங்கிக்கொண்டார்கள். பன்னிரண்டாம் நாள் அந்தப் பள்ளியின் பியூன் சீசாக்களை ஒரு கூடையில் கொண்டுவந்து என் காலடியில் வைத்தான். மையின் மேல் ஆடை கட்டியிருந்தது. பூஞ்சை. தொட்டால் வழவழவென்று நூல் நூலாக வந்தது. "வாத்யார் பேனாவுல புழு வந்துச்சுன்னு கத்தறாரு" என்றான். சனிக்கிழமை சொன்னேன். கை தட்டினார்கள்.

மூன்று தடவை அப்படி ஆயிற்று. அதற்குள் மூட்டை தூக்கும் வேலையை விட்டிருந்தேன். பஸ் ஸ்டாண்டில் என் இடத்தில் வேறொருவன் நின்றான். கையில் இருந்தது தீர்ந்ததும் ஒருவேளைச் சாப்பாடு, பிறகு ஒருவேளை பன்னும் டீயும். நான்காம் தடவை, கடையில் விற்கும் நல்ல மை சீசா ஒன்றைத் திறந்து முகர்ந்து பார்த்தேன். ஆஸ்பத்திரித் தரை கழுவும் கிருமிநாசினி வாசனை அடித்தது. கார்பாலிக். ஒரு கம்பவுண்டரிடம் கெஞ்சி நாலு சொட்டு வாங்கி வந்து கலந்தேன். ஒரு மாதம் வைத்திருந்தேன். மை அப்படியே இருந்தது.

மாடிக்கு ஓடி மாஸ்டரிடம் காட்டினேன். அவர் சீசாவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கண் கலங்கியது. அது நடிப்பில்லை. என்னைக் கட்டிக்கொண்டு, "இன்னிக்குத்தான் நீங்க முதலாளி" என்றார். பிறகு மேஜையைத் திறந்து ஒரு நோட்டை எடுத்து என் முன் விரித்தார்.

இடது பக்கத்தில் எல்லாப் பொருள்களின் செய்முறை இருந்தது. வலது பக்கத்தில், மேலே 'சொல்லாதது' என்று எழுதியிருந்தது. அதன் கீழே, ஒவ்வொரு செய்முறைக்கு நேராகவும் ஓரிரு வார்த்தை. சாக்பீஸுக்கு: அச்சுக்கு எண்ணெய். மைக்கு: கார்பாலிக். மெழுகுவத்திக்கு: வெண்காரம்.

"எல்லாருக்கும் ஒண்ணை விட்டுத்தான் சொல்வேன்" என்றார். "அந்த ஒண்ணைத் தானா கண்டுபிடிக்கறவன் யார்கிட்டயும் போய் நிக்கமாட்டான். மீதிப் பேர் கூலிக்காரன்தான், அவங்களை ஒண்ணும் பண்ண முடியாது. நீங்க இதை யார்கிட்டயும் சொல்லக் கூடாது. சொன்னா அவங்க கிட்ட இருந்து திருடினதா அர்த்தம்."

சுவரோரம் தன் நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டார். அசிஸ்டெண்ட் மாஸ்டர், இனி படுக்கையும் அந்த மாடியிலேயே. வேலைக்கு வந்த நாள் முதல் நான் நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. உட்கார்ந்தேன். மூன்று மாதப் பட்டினியை ஒரு வார்த்தையில் தவிர்த்திருக்கலாம் என்பது எனக்கு அப்போது கோபமாக வரவில்லை. பெருமையாக வந்தது. இந்த ஆள்மீது எனக்கு இன்றும் தீராத பகை ஒன்று உண்டென்றால், அந்தப் பெருமையை எனக்குக் கொடுத்ததுதான்.

இந்தப் பழக்கம் வகுப்போடு நிற்கவில்லை. தெருவில் யாராவது வழி கேட்டால், "நேரா போங்க, மசூதி வரும்" என்று சொல்லி நிறுத்திவிடுவார். மசூதிக்குப் பிறகு எந்தப் பக்கம் என்று சொல்லமாட்டார். டீக்கடைக்காரன் சர்க்கரை போட மறந்தால் கசப்பாகவே குடித்துவிட்டு வருவார். அடுத்து வாங்குகிறவன் முகம் சுளிப்பதை நின்று பார்ப்பார். "அவனே கத்துக்குவான்." மழை வரும்போது என் ஜமுக்காளம் மொட்டைமாடியில் கிடந்ததைப் பார்த்துவிட்டு, சொல்லாமல் ஜன்னலை மட்டும் சாத்தினார். நனைந்த ஜமுக்காளத்தோடு நான் உள்ளே வந்தபோது புன்னகையோடு கை தட்டினார்.

பச்சையம்மாள் வகுப்பில் சேர்ந்தது நான் நாற்காலி ஏறுவதற்கு முன்பு. ஸ்ரீராம்புரத்துக்காரி. நாற்பது வயதிருக்கும். கார்ப்பரேஷனில் ரோடு பெருக்கும் வேலை. புருஷன் இல்லை. பெருக்கும் வேலை அவர்கள் குடும்பத்தில் மாமியாரிடமிருந்து மருமகளுக்கு வருவது. கைமாற்றிவிட்டால் திரும்ப வராது.

"இந்தத் தொடப்பம் என்னோட நிக்கணும் தம்பி" என்று ஒருநாள் என்னிடம் சொன்னாள். "என் பொண்ணு ரெண்டும் தைக்கட்டும், படிக்கட்டும், எதுனா பண்ணட்டும். இதை மட்டும் கையில தொடக் கூடாது."

"ஏன் மெழுகுவத்தி எடுத்தீங்கக்கா? பல்பொடி சுலபமாச்சே."

"பல்பொடியா? நான் இடிச்ச பொடியை வாயில போடுவானா எவனாவது? டீக்கடையில எனக்குத் தனி கிளாஸ் வெச்சிகிறான் அந்தக் கம்மனாட்டி." சிரித்தாள். "வத்தின்னா சாமிக்குப் போறது. மாதா கோயில் திருவிழால எம்மாம் ஜனம் வருது, பாத்துகிறியா? யாரு ஊத்துன வத்தின்னு மாதா கேக்கமாட்டா."

அவளுக்குப் படிக்கத் தெரியாது. மாஸ்டர் கொடுத்த தாளை நான்தான் படித்துச் சொன்னேன். 'பருத்தி நூலை மூன்று புரியாகப் பின்னி, நன்றாகக் காயவைத்து, மெழுகு ஊற்றும் குழாயில் கோர்க்கவும்.' அவள் கையை நீட்டி நிறுத்தினாள்.

"காய வெக்கணும்னா போட்டுக்கீது?"

"ஆமா."

"நூலு ஈரமே இல்லியே. எதைக் காய வெக்கறது?"

எனக்கு அப்போது தெரியாது. "வெயில்ல வெச்சு எடுக்கணும் போலக்கா" என்றேன். அவள் அதோடு விடவில்லை. மாஸ்டரிடமே போய்க் கேட்டாள். நானும் கூட நின்றேன். அவர் முகம் மலர்ந்தது. "ரொம்ப நல்ல கேள்வி, முதலாளி. பதில் உங்ககிட்டயே இருக்கு" என்றார்.

பின்னால் அந்த நோட்டைப் பார்த்தபோது எனக்கு இது ஞாபகம் வந்தது. திரியை வெண்காரத் தண்ணீரில் ஊறவைத்துத்தான் காயவைக்க வேண்டும். அப்போதுதான் திரி தானே எரிந்து சாம்பலாகி உதிரும். இல்லாவிட்டால் கரிந்து தடித்து, மெழுகில் மூழ்கி அணைந்துவிடும். நாட்டு மருந்துக் கடையில் கேட்டால் பொட்டலம் கட்டிக் கொடுப்பார்கள். 'காயவைத்து' என்ற அந்தச் சொல்லை மாஸ்டர் தெரிந்தேதான் விட்டுவைத்திருந்தார். அதுதான் துப்பாம். அதைப் பிடித்து, கேட்டு, கதவைத் தட்டியவளுக்கும் அவர் திறக்கவில்லை.

வகுப்பில் மாஸ்டர் தன் திரியை வைத்து ஊற்றிய வத்தி அழகாக எரிந்தது. பச்சையம்மாள் வீட்டில் ஊற்றியது அரைமணிக்கு ஒருமுறை புகைந்தது. அவள் கத்திரிக்கோலால் திரியின் நுனியைக் கத்தரித்துவிடுவாள். மறுபடி எரியும். குறை தன் கையில்தான் என்று நினைத்தாள். திருவிழாவுக்கு ஒரு மாதம் இருக்கையில் என் நாற்காலி அருகே வந்து நின்றாள்.

"தம்பி, நாளைக்குத் தொடப்பத்தைக் குடுத்துறப் போறேன். நாத்தனாருக்கு. மேஸ்திரிகிட்ட சொல்லிட்டேன். மாஸ்டரும் குடுத்துடுன்றாரு. என் வத்தி மட்டும் ஏன் தம்பி பொகையுது? நீ இப்ப அவரு பக்கத்துல குந்திகினு இருக்கற. உனக்கு எதுனா தெரியுமா?"

மாஸ்டர் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். திரும்பவில்லை. துடைப்பது மட்டும் நின்றது.

"இன்னும் கொஞ்சம் பண்ணிப் பாருங்கக்கா. வந்துரும்" என்றேன்.

துடைக்கும் சத்தம் மறுபடி கேட்டது.

நான் கெட்ட எண்ணத்தில் அப்படிச் சொல்லவில்லை. எனக்கு வந்தது அவளுக்கும் வரும் என்று நம்பினேன். அவளுக்குத் தவறினால் போவது என்ன என்பதை யோசிக்கவில்லை. எனக்குப் போக ஒரு மூட்டைதான் இருந்தது. அதுவும் யாரோடதோ.

மறுநாள் அவள் துடைப்பத்தை நாத்தனார் கையில் கொடுத்தாள்.

திருவிழாவின் கடைசி நாள் சாயங்காலம், வத்திப் பெட்டிகளைத் தூக்க நானும் போனேன். சிவாஜிநகர் முழுக்க, மாதாவுக்கு வேண்டிக்கொண்டவர்களின் காவிப் புடவை. தமிழ், கன்னடம், உருது எல்லாம் கலந்த இரைச்சல். பச்சையம்மாள் முழங்கை நீளத்துக்குத் தடியான வத்திகள் ஊற்றியிருந்தாள். அவற்றில் நீலத் தாள் சுற்றியிருந்தது. கோயில் வாசலில் ஒரு பலகை போட்டு அடுக்கினாள். நன்றாகப் போயிற்று. கூட்டம் மொய்த்தது. "தம்பி, அந்தப் பெட்டியையும் ஒடை!" என்று அவள் கத்திய குரலில் இருந்த சந்தோஷம் எனக்குக் கேட்டது.

வத்திகளை மணல் தொட்டிகளில் நட்டுவிட்டு ஜனங்கள் மண்டியிட்டார்கள். லேசான காற்று. முதலில் ஒன்று புகைந்து அணைந்தது. பிறகு நாலைந்து. அரைமணிக்குள் தொட்டியில் எரிந்துகொண்டிருந்தவை எல்லாம் வேறு கடையில் வாங்கிய வத்திகள். நீலத் தாள் சுற்றியவை கறுத்த மூக்கோடு நின்றன. கத்தரிக்க அங்கே யாரிடமும் கத்திரிக்கோல் இல்லை.

வேண்டுதல் வத்தி அணைந்தால் என்ன அர்த்தம் என்று அங்கே யாரும் விளக்கத் தேவையில்லை. ஒரு பெண் அணைந்த வத்தியைப் பிடுங்கிக்கொண்டு பலகை முன் வந்து நின்றாள். அவள் புருஷன் ஆஸ்பத்திரியில் கிடந்தான்.

"ரெண்டு தபா ஏத்தினேன். ரெண்டு தபாவும் அணைஞ்சி பூட்ச்சி. மாதா மூஞ்சைத் திருப்பிக்கினா. இன்னாத்தை வித்தே எனக்கு?"

பச்சையம்மாள், "குடுமா, நான் கத்தரிச்சித் தரேன்" என்று கையை நீட்டினாள். அதற்குள் பின்னாலிருந்து இன்னும் பத்துப் பேர் வந்துவிட்டார்கள். கூட்டத்தில் ஒருவன் எட்டிப் பார்த்தான்.

"ஏய், இது நம்ம தெரு பெருக்கறவ இல்ல?"

"யாரு?"

"காலைல வருவாளே, கார்ப்பரேஷன்காரி. தொடப்பம் புடிச்ச கை ஊத்துன வத்தி, அப்புறம் எங்க எரியும்?"

பலகை கவிழ்ந்தது. யார் கவிழ்த்தது என்று தெரியவில்லை. வத்திகள் காலடியில் உருண்டு மிதிபட்டன. பச்சையம்மாள் அவற்றைப் பொறுக்கவில்லை. ரோட்டில் எதையும் குனிந்து எடுக்கக் கூடாது என்று முடிவுசெய்தவள்போல நிமிர்ந்தே நின்றாள்.

அந்த வாரச் சனிக்கிழமை அவள் வருவாள் என்று நான் நினைக்கவில்லை. வந்தாள். கரும்பலகையில் வழக்கமான கேள்வி எழுதியிருந்தது. அவள் முறை வந்ததும் எழுந்து, நடந்ததைச் சொன்னாள். பலகை, அந்தப் பெண், அந்த ஆள் சொன்ன சொல், எல்லாவற்றையும் குரல் நடுங்காமல் சொன்னாள். நாத்தனாரிடம் துடைப்பத்தைக் கொடுத்ததையும் சொன்னாள்.

"பலே!" என்றார் மாஸ்டர். "இவ்வளவு பெரிய ஃபெயிலியர் இந்த ரூம்ல யாருக்கும் வந்ததில்லை. தட்டுங்க!"

சுபேதார் தட்டினார். எல்லோரும் தட்டினார்கள். என் கைகளும் தட்டின. பழக்கம். அவள் ஒவ்வொருவர் கையாகப் பார்த்துக்கொண்டே வந்து என் கையில் நிறுத்தினாள். தட்டல் நின்றது.

"மாஸ்டரே, ஒண்ணு கேக்கறேன். அது ஏன் அணைஞ்சுதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"இன்னா?"

அவர் சந்தோஷமாகச் சொன்னார். "வெண்காரம். திரியை அதுல ஊற வெச்சுக் காயவெக்கணும். இன்னும் ஆறு மாசத்துல நீங்களே புடிச்சிருப்பீங்க."

"முன்னாடியே தெரியுமா?"

"எப்பவும் தெரியும்."

சுபேதார் மெதுவாக எழுந்து, "எனக்கும் ஒண்ணை உட்டுத்தான் சொன்னீங்களா, சார்?" என்று கேட்டார். மாஸ்டர் அவரைப் பார்க்கவே இல்லை. பச்சையம்மாளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப உங்களுக்கு வருதே ஒரு கோவம். அதை விட்ராதீங்க, முதலாளி. அதான் உங்க மூலதனம்."

நான் பல முரடர்களிடம் வேலை பார்த்தவன். தங்கவயல் மேஸ்திரி என்னைப் பெல்டால் அடித்திருக்கிறான். அவனை வெறுப்பது சுலபமாக இருந்தது, ஏனென்றால் அவன் என்ன செய்கிறான் என்று அவனுக்கே தெரியும். இந்த மனிதருக்கு அது கடைசிவரை தெரியவில்லை. அவளுடைய வாழ்க்கையைக் கவிழ்த்துவிட்டு, அவளுக்கு ஏதோ கொடுத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் உண்மையான மகிழ்ச்சி இருந்தது. அந்த மகிழ்ச்சியின்மேல் கை வைக்க எனக்கு இடமே கிடைக்கவில்லை.

பச்சையம்மாள் என்னிடம் திரும்பினாள். "உனக்கு?"

"தெரியும்கா."

"எப்பலேர்ந்து?"

"நீங்க வந்து கேட்டீங்களே, அதுக்கு முன்னாலேர்ந்து."

அவள் படியிறங்கினாள். நான் நாற்காலியை விட்டு எழுந்து பின்னால் ஓடினேன். துணிக்கடை வாசலில் பிடித்தேன்.

"அக்கா, வெண்காரம் வாங்கியாறேன். இன்னும் மெழுகு இருக்கில்ல? கிறிஸ்துமஸுக்கு ஊத்தலாம். நான் கூட இருந்து ஊத்தறேன். இப்ப எல்லாம் தெரிஞ்சுபோச்சு, நிச்சயமா எரியும்."

"எரியும்" என்றாள். "எனக்கும் தெரியும், எரியும். நல்லாவே விக்கும். அப்புறம் இன்னா ஆவும்? அந்தாளு மாடில போர்டுல என் பேரை எழுதுவான். 'பாருங்க, பச்சையம்மா. நான் சொல்லாம உட்டேன், அதனாலதான் மேல வந்தா'ம்பான். இனிமே நான் எந்தத் தொழில்ல நின்னாலும் அது அவன் கணக்குதான். அடுத்தது வர்றவளுக்கு என்னைக் காட்டியே ஒண்ணை மறைப்பான். அந்தப் பேரை நான் அவனுக்குக் குடுக்கமாட்டேன்."

"அப்ப என்ன பண்ணப் போறீங்க?"

"நாத்தனார் கால்ல விழணும். அவ லீவு போடற நாளுக்கு பதிலியா பெருக்க வுடுன்னு கேக்கணும். அவ ஒரு மாசம் விழ வெச்சிட்டு அப்புறம்தான் சரிம்பா." புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். "நீ நல்லவன்னு நெனச்சிருந்தேன் தம்பி. படிச்சுக் காட்டுனவன் ஆச்சே."

கூட்டத்துக்குள் போய்விட்டாள்.

மாடிக்குப் போய் ஜமுக்காளத்தைச் சுருட்டினேன். மை சீசாக்களை அங்கேயே விட்டேன். மற்றவர்கள் போய்விட்டிருந்தார்கள். மாஸ்டர் படியருகே நின்றிருந்தார்.

"போறீங்களா?"

"ஆமா."

"எங்க?"

"தெரியல."

அவர் முகம் கனிந்தது. "தெரியாம போறதும் ஒரு பாடம்தான், முதலாளி" என்று சொல்லிக் கை தட்டினார். இரண்டு தட்டு. கோணல் மணிக்கட்டு என்பதால் சத்தம் சரியாக வரவில்லை. திட்டினாலும் அடித்தாலும் அதையும் ஒரு பாடமாக எடுத்துக்கொள்வார் என்று தெரிந்ததால் எதுவும் செய்யாமல் இறங்கினேன். அப்படியே நடந்ததுதான் அல்சூர் வரை, ஜோகுபாளையம் தாண்டி, பால்காரனைத் தாண்டி.

அன்று இரவு ரோட்டோரம் ஒரு மர டிப்போவின் கொட்டகையில் படுத்தேன். விடிந்ததும் இன்னும் இரண்டு மைல் நடந்தேன். ரோடு போடும் கூட்டம் ஒன்று வேலையைத் தொடங்கிக்கொண்டிருந்தது. ஜல்லிக் குவியல், தார் பீப்பாய்கள், கீழே விறகு நெருப்பு. மேஸ்திரி என்னைவிடச் சின்னவன். வேலூர்ப் பக்கத்து ஆள், வாயில் பீடி.

"ஆள் வேணுமா?" என்றேன்.

"தார் ஊத்தத் தெரியுமா?"

"தெரியாது."

"படிச்சிருக்கியா?"

"இல்ல" என்றேன்.

அவன் இரண்டு சாக்குத் துண்டுகளை என்னிடம் எறிந்தான். பேசிக்கொண்டே பீடியைப் பற்றவைத்தான்.

"இதைக் கால்ல சுத்திக் கட்டு. முட்டி வரைக்கும். காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாத்து அதுக்கு முதுகைக் காட்டி நில்லு, பொகை கண்ணுக்கு வராது. ஈர வாளியைத் தாருக்குள்ள உட்ராத, பொங்கி மூஞ்சில அடிக்கும். எப்பவும் காஞ்ச வாளிதான். மேல தெறிச்சா பிய்க்காத, தோலோட வந்துடும். தண்ணித் தொட்டி அங்க கீது, ஒடனே முக்கு. அப்புறமா எண்ணெ போட்டு எடுத்துக்கலாம். ஊத்தும்போது பின்பக்கமாவே நட, முன்னால நடந்தா உன் காலு ஒட்டிக்கும். வேற எதுனா தெரியலைன்னா என்னைக் கூப்புடு, நானா வந்து பாப்பேன்னு நிக்காத."

பீடி பாதி கரைவதற்குள் சொல்லி முடித்துவிட்டான். நான் சாக்கைக் காலில் சுற்றிக் கட்டிக்கொண்டு, காய்ந்த வாளியை எடுத்துக்கொண்டு தார் பீப்பாய்க்குப் போனேன்.